ஈஸ்டர் வரைக்கும் ஒரு தோட்டம்

ராயபுரத்தில் பிறந்து அங்கேயே தலை நரைத்தவனுக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? கடல் மணல் தெரியும். தெருவுக்குப் போட்ட சிமெண்டும் அதன்மேல் போட்ட தாரும் தெரியும். எங்கள் சந்தில் செடி வேண்டுமென்றால் உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் கற்பூரவல்லி வைப்பார்கள், அதிலும் பாதி பக்கெட் சிகரெட் துண்டுதான் இருக்கும். அறுபதை நெருங்குகிற வயதில் வள்ளூரில் இருபது சென்ட் நிலம் வாங்கி, முதல்முறை குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தேன். அது உள்ளங்கையில் ஈரமாக ஒட்டிக்கொண்டு விழ மாட்டேன் என்றது. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இந்த ஆசை எனக்கு வந்தது கிரேன் கேபினில். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன் ஓட்டியவன் நான். கேபினின் தரை கண்ணாடி. என் இரண்டு காலுக்கும் நடுவே கப்பலும் லாரியும் மனிதத் தலைகளும் போய்க்கொண்டிருக்கும். ஐப்பசி மழை விட்ட பிறகு, சரக்கு ரயில் தண்டவாளங்களுக்கு நடுவில் பச்சையாக ஒரு கோடு தெரியும். மூட்டைகளிலிருந்து சிந்திய கோதுமை, உளுந்து, பெயர் தெரியாத வேறு ஏதோ பயறு எல்லாம் சேர்ந்து முளைத்திருக்கும். எந்த நாட்டில் விளைந்து எந்தக் கப்பலில் வந்ததோ, யாரும் விதைக்காமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் அரையடி வளர்ந்து காற்றில் ஆடும். ஒரு கன்டெய்னர் பெட்டியை இறக்கி அடுத்த பெட்டியைத் தூக்குவதற்கு நடுவில் கிடைக்கிற அரை நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நாளில் காய்ந்துபோகும். அடுத்த வருஷ மழைக்கு வேறொரு பச்சை வரும்.

என்னோடு ஓய்வு பெற்றவர்கள் செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று நிலம் பார்த்தார்கள். நான் எண்ணூர்க் கழிமுகத்தைத் தாண்டி, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்குக் கீழே வாங்கினேன். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வடசென்னைக்காரன் ஊரை விட்டு ஓடினாலும் புகைபோக்கி தெரிகிற தூரத்தில்தான் நிற்பான் போலிருக்கிறது. பரந்த வானம் மட்டும் இருந்தால் எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

சிரிக்காதவள் ஒருத்திதான், என் பெண்டாட்டி. அவளுக்கு இது சிரிக்கிற விஷயமாகவே இல்லை. காசிமேட்டில் அவள் தம்பி கருவாட்டுக் களம் வைத்திருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கேதான் வேலை செய்தாள். உப்புப் போட்டு, காயவைத்து, தரம் பிரித்து, வருகிற வியாபாரிகளோடு மல்லுக்கு நின்று, மாலையில் கருவாட்டு வாசனையோடு வீட்டுக்கு வருவாள். அவளுடைய கோயில், தங்கை, தம்பி, சண்டைக்காரிகள், சமாதானக்காரிகள் எல்லாரும் ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவில் ஒரு மைல் சுற்றளவில் இருந்தார்கள். அந்த ஒரு மைலை விட்டு வா என்றுதான் நான் அவளைக் கேட்டேன்.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரு வருஷம். இந்த ஈஸ்டர்ல இருந்து அடுத்த ஈஸ்டர். அதுக்குள்ள எனக்குப் புடிக்கலைன்னு வெச்சிக்கோ, மூட்டைய கட்டிகினு வந்துகினே இருப்பேன். நீ வந்தா வா. வராட்டி அந்தத் தக்காளியாண்டையே குடும்பம் நடத்து.”

“சரிமே,” என்றேன்.

எங்கள் ராயபுரம் வீட்டில் அந்த ஒரு வருஷத்துக்கு அவள் தங்கை குடும்பம் வந்து இருந்தது. அவர்களும் பாவம், வாடகை வீட்டில் அல்லாடிக்கொண்டிருந்தவர்கள். தொடர்ந்து இருக்கலாமா, வேறு வீடு பார்க்க வேண்டுமா என்று ஈஸ்டருக்குள் அவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. ஆகவே கெடு வாய்வார்த்தையாக மட்டும் இல்லை. ஒரு குடும்பமே காத்துக்கொண்டிருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் அதிகம். கிரேனில் உட்கார்ந்தால் நான் தங்கக் கம்பி. இருபது டன் பெட்டியை லாரி மேல் முட்டை வைப்பதுபோல வைப்பேன். இருந்த பொறுமை மொத்தமும் அங்கேயே செலவாகிவிடுமோ என்னவோ, தரைக்கு இறங்கியதும் கத்த ஆரம்பித்துவிடுவேன். சட்டை பட்டன் இல்லையென்றால் கத்துவேன், குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் கத்துவேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் ஒன்று சொன்னால் ஒன்பது வரும். எங்கள் சந்தில் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் சத்தம் கேட்காத நாளில்தான் பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து உடம்பு சரியில்லையா என்று விசாரிப்பாள்.

வள்ளூருக்குப் போகும்போது மனதுக்குள் ஒரு சபதம் எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு வருஷம் அவள்மேல் குரலை உயர்த்தக் கூடாது. ஒரு சுடுசொல் போதும், அவள் பையை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் ரயிலடிக்குப் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. அவள் போய்விட்டால் அந்த இருபது சென்ட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவள் இல்லாத தோட்டத்தில் எனக்கு ஆசை இல்லை என்பது அங்கே போன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் பாதித் தூக்கத்தில் பார்த்தது போலத்தான் இருக்கிறது. காலையில் கழிமுகத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வரும். புகைபோக்கிகளின் உச்சி பனிக்குள் மறைந்திருக்கும், கீழ்ப்பாதி மட்டும் வெள்ளையாக நிற்கும். மின்நிலையத்திலிருந்து ஒரு ரீங்காரம், நிற்காமல், ஏறாமல், இறங்காமல். முதல் வாரம் அது காதைக் குடைந்தது. அப்புறம் அது என் மூச்சோடு சேர்ந்துவிட்டது. நாரைகள் வரும், வரப்பில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு, வந்த வேலை மறந்துபோனவர்கள் மாதிரி நெடுநேரம் யோசிக்கும். இலைகள்மேல் மெல்லிசாகச் சாம்பல் படிந்திருக்கும். அதை நாங்கள் இரண்டு பேரும் ஈரத்துணியால் துடைப்போம். ராயபுரத்தில் ஜன்னல் கம்பியில் நிலக்கரித் தூசி துடைத்த கைகள்தானே, அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் ஒரு பாத்தி, நான் ஒரு பாத்தி. பேச்சே இருக்காது.

வெயில் ஏறினால் ஒற்றை அறை வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் படுப்பேன். கண்ணை மூடினால் கேபின் ஆடுவது போலிருக்கும். கண்ணாடித் தரைக்குக் கீழே கப்பலுக்குப் பதிலாகக் கீரைப் பாத்தி தெரியும். நான் மெதுவாக ஒரு பெட்டியை இறக்குவேன், பெட்டி தரையைத் தொடும்போது அது ஒரு பூசணிக்காயாக இருக்கும். விழித்துப் பார்த்தால் அவள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருப்பாள். கனவு எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபடாது. அவ்வளவு சாந்தமாக நான் என் ஆயுளில் இருந்ததில்லை.

அவளும் சாந்தமாகத்தான் இருந்தாள். குழம்பில் உப்பு கூடினால் நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன். நான் மோட்டாரை அணைக்க மறந்து பாத்தி குளமானால் அவள் ஒன்றும் சொல்லாமல் போய் அணைப்பாள். முள்ளங்கி போடலாமா என்றால் “சரி” என்பாள். வேண்டாம், அவரை போடலாம் என்றால் அதற்கும் “சரி”. ராயபுரத்தில் அவள் வாயில் அந்தச் சொல்லை நான் வருஷத்துக்கு ஒருமுறை கேட்டிருந்தால் அதிகம். இங்கே நாளைக்கு இருபது முறை கேட்டேன். மடையன் நான், நிலம் அவளையும் பக்குவப்படுத்துகிறது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் முகம் வேறு. விடிவதற்குள் குளித்து, மீஞ்சூரில் ரயிலேறி, ராயபுரத்துக் கோயிலில் பூசை கண்டு, தங்கையிடம் சாப்பிட்டு, பொழுது சாய வருவாள். திரும்பி வரும்போது குரல் கட்டியிருக்கும். அங்கே யாரோடோ கத்திவிட்டு வந்திருக்கிறாள் என்று புரியும். எனக்குப் பொறாமையாக இருக்கும், ஆனால் கேட்க மாட்டேன்.

மழை முடிந்து தை பிறந்ததும் நாற்பது கத்திரி நாற்று நட்டோம். பக்கத்து நிலத்தில் கீரை போட்டு மீஞ்சூர் மார்க்கெட்டில் விற்கிற பெண்மணி ஒருத்தி உண்டு. நாற்று அவள் கொடுத்ததுதான். என்னை அண்ணா என்பாள், இவளை அக்கா என்பாள். மாசி தொடக்கத்தில் செடிகள் முழங்கால் உயரம் வந்து ஊதாப்பூ காட்டின. வேலியருகே நின்று பார்த்துவிட்டு அந்தப் பெண்மணி சொன்னாள், “பூவு வந்துடுச்சு. கொஞ்சம் மீன் கழிவு கெடச்சா வேருக்குப் போடுங்கண்ணா, காயி நின்னு வரும்.”

என் பெண்டாட்டி கீரை கிள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். பத்து மாசத்தில் அவள் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

“இன்னா, மீனா? இத்த மொதல்லயே சொல்லக்கூடாதா?”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தங்கையிடம் போகவில்லை. நேராகக் காசிமேடு. மதியத்துக்குள் தம்பியின் குட்டியானை வண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. முன்னால் டிரைவர் பக்கத்தில் அவள், ராணி மாதிரி. பின்னால் நாலு மூட்டை. களத்தில் பாய்க்கு அடியில் ஒதுங்குகிற தலை, வால், செதில், நொறுங்கல், எல்லாம். அவளே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு கை அள்ளி வைத்து மண்ணைப் போட்டு மூடினாள். வாய்க்குள் ஏதோ கோயில் பாட்டு. முடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“நம்ம செடிக்கு எங்க ஊட்டு சாப்பாடு போட்டுக்கீறேன். இப்ப பாரு எப்படி காய்க்குதுன்னு.”

நம்ம செடி. அதுவரை அவளுக்கு அது “உன் செடி”யாகத்தான் இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஈஸ்டருக்கு இன்னும் ஏழு வாரம், இவள் இங்கேதான் இருக்கப் போகிறாள் என்று மனதுக்குள் கூத்தாடினேன்.

வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் மூட்டையைப் பிரித்ததும் சொல்லியிருப்பான், இது மீன் கழிவு இல்லை, கருவாட்டுக் கழிவு, பாதி உப்பு என்று. எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவே இல்லை. உப்புக் காற்றில் பிறந்து, உப்பு பூத்த சுவருக்குள் படுத்து, கருவாட்டு வாசனையோடு குடும்பம் நடத்தியவர்களுக்கு உப்பு எங்கே தனியாகத் தெரியப் போகிறது?

பத்தாம் நாள் இலை விளிம்பு பழுப்பானது. பதினைந்தாம் நாள் பூ உதிர்ந்தது. தண்ணீர் விடவிட வாடியது. காலையில் பார்த்தால் செடிகளைச் சுற்றி வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. அவள் ரயிலடிக்குப் பக்கத்தில் சாமான் வாங்கப் போயிருந்த நேரம், நான் கீரைக்காரப் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். உடனே துப்பினாள்.

“த்தூ! இன்னாண்ணா இது, ஊறுகாய் போட்டுக்கீறியா? கரிக்குதே! எங்கேந்து எடுத்தாந்தீங்க அந்த மீனு?”

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். மேல்மண்ணை வழித்து எறிந்துவிட்டு, தண்ணீர் கட்டிக் கட்டி வடிக்க வேண்டும், செடி பிழைக்காது, மண்ணையாவது காப்பாற்றலாம் என்றாள். போகும்போது, “அக்காகிட்ட பக்குவமா சொல்லுண்ணா, ஆசையா பண்ணுச்சு பாவம்,” என்றாள்.

நான் சொல்லவில்லை. என்னால் முடியவில்லை. பத்து மாசத்தில் அவள் தானாக அந்த நிலத்துக்குச் செய்த ஒரே காரியம் அது. அதுதான் அதைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்ல? சொன்னால் போய்விடுவாள். நாற்பது செடி போனால் போகட்டும்.

சாயங்காலம் அவள் செடிகளின் முன்னால் நின்றுகொண்டு கேட்டாள், “இன்னாயா ஆச்சு இதுக்கு?”

“வெயில்மே. இந்த வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “சரி,” என்று உள்ளே போனாள்.

அவள் ராயபுரம் போயிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருடன் மாதிரி மண்ணை வழித்தேன். மற்ற நாள்களில் ஒன்றும் தெரியாதவன் மாதிரி இருந்தேன். மிச்சமிருந்தது மிளகாய்ப் பாத்தியும், இரண்டு எலுமிச்சைக் கன்றும், வேலியோரம் முருங்கையும். அவை பச்சையாக நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நாளை எண்ணினேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. காலை வெயில் மஞ்சளாக இறங்கி, புகைபோக்கிகளின் நிழல் எங்கள் நிலத்தில் நீளமாகப் படுத்திருந்தது. அவள் விடிந்ததுமே தம்பி வீட்டுக்கு என்று கிளம்பிப் போயிருந்தாள். நான் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்து, குழாயில் வந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சொக்கியது. வண்டிச் சத்தம் கேட்டதும் அதுவும் கனவில் வருகிற வண்டி என்றே நினைத்தேன். மூக்கில் கருவாட்டு வாசனை ஏறியபோதுதான் எழுந்தேன்.

குட்டியானை. இந்த முறை ஆறு மூட்டை. வண்டியை அவள் தம்பியே ஓட்டி வந்திருந்தான். அவள் ஏற்கெனவே ஒரு மூட்டையை மிளகாய்ப் பாத்திக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளிப் போட ஆரம்பித்திருந்தாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது.

“ஏய்! கைய எடு! அறிவு கீதாமே உனக்கு? உப்புமே அது, உப்பு! கத்திரிய சாவடிச்சது பத்தாதா? இதையும் சாவடிக்கப் போறியா? முப்பது வருஷமா உப்புலயே கெடந்தியே, ஒரு தபா நாக்குல வெச்சிப் பாக்க மாட்ட? மூள இன்னா உன் தம்பி களத்துல காய வெச்சிட்டு வந்துட்டியா?”

வரப்பில் இருந்த நாரைகள் எழுந்து பறந்தன. கீரைக்காரப் பெண்மணி வேலியருகே வந்து, பார்த்து, திரும்பிப் போய்விட்டாள். தம்பி வண்டியை விட்டு இறங்கவில்லை. ஒரு வருஷச் சத்தம் மொத்தமாக வெளியே போனதில் எனக்கு மூச்சு இரைத்தது. அப்புறம் சில்லென்று ஆனது. முடிந்தது. எட்டு நாள் இருந்தது, எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். வண்டி வேறு தயாராக நிற்கிறது, ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

அவள் கையில் இருந்ததைக் கீழே போட்டாள். ஒரு விரலை நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் கோணியது.

“அப்ப கத்திரி செத்தது என்னாலயா?”

“ஆமா.”

“உனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சிகினு வெயிலுன்னு சொன்னியா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள்.

“யோவ்! ஒரு வருஷமா என்னிய இன்னான்னு நெனச்சிகினு கீற? குழம்பு கரிச்சா துன்னுட்டு எழுந்து போற. செடி செத்தா வெயிலுன்ற. வந்த விருந்தாளிக்குத்தான்யா பதவிசா பேசுவாங்க! உன் ஊடு, உன் நெலம், நீ இன்னா சொல்றியோ அதுக்கு சரி சரின்னு தலய ஆட்டிகினு, எப்படா பெட்டிய தூக்குவோம்னு நான் குந்திகினு கீறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, ஏன்மே இப்புடி பண்ணேன்னு கேட்டியா? கேட்டிருந்தா அடுத்த மூட்டைய நான் எடுத்தாந்திருப்பனா?”

“கேட்டா நீ போயிடுவன்னு பயந்தேன்மே.”

“முப்பது வருஷம் கத்துனியே, அப்ப எங்க போனேன் நான்?”

 கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அவளுக்கும் வந்தது, சேலைத் தலைப்பால் துடைத்தாள். கையில் உப்பு இருந்ததால் கண் எரிந்து, அதற்கும் என்னையே திட்டினாள். வண்டிக்குள் இருந்த தம்பி மெதுவாகத் தலையை நீட்டி, “மாமா, மூட்டய எறக்கறதா, திருப்பி எடுத்துகினு போறதா?” என்று கேட்டான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவன்மேல் பாய்ந்தோம். அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான், ஐந்து மூட்டையோடு.

மண்வெட்டியை எடுத்து வந்து என் பக்கம் வீசினாள். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மிளகாய்ப் பாத்தியில் குந்தி, கொட்டியதை ஒவ்வொரு துண்டாகப் பொறுக்க ஆரம்பித்தாள். பாதிப் பாத்தியில் போனை எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். ராயபுரம் வரைக்கும் போன் இல்லாமலே கேட்கும், அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஒரு வருஷமாக நான் அதைக் கேட்கவில்லை.

“தே, நான்தான்டி. வேற ஊடு கீடு ஒண்ணும் பாக்காதீங்க, நீங்களே அங்க இருங்க. ஆமாண்டி, நெசமாத்தான். ஒண்ணும் ஆவல, நல்லாத்தான் கீறேன். இல்ல, அது அந்தாளு கத்துன கத்து, உங்களுக்குக் கேக்கலியா?”

பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

“இன்னா வாயப் பாத்துகினு நிக்கற? வழிய்யா மண்ண.”

வழித்தேன்.